கெனன் 50 மி.மீ. எஃப் 1.8: ஜூம் லென்ஸ் இருக்க இதுவும் வேண்டுமா?

கமராவுடன் கிடைக்கும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸே போதுமா, ஜூம் வசதியற்ற பிரைம் லென்ஸ் ஒன்றையும் வாங்க வேண்டுமா என்று தயங்குபவர்களுக்கு, 2015இல் வெளிவந்த கெனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

அந்த ஜூம் லென்ஸின் துளை 55 மி.மீ. நிலையில் எஃப் 5.6க்கு மேல் விரியாது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). இதுவோ எஃப் 1.8 வரை விரிந்து ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்வாங்குகிறது. கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபம் போன்ற மங்கலான இடங்களில், அனுமதி பெற்றுப் படமெடுக்கும்போது, ஜூம் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளிகள் பெருகும்) 6400 தேவைப்படும் காட்சியை இது ஐஎஸ்ஓ 640இலேயே, முகத்தின் இயல்பு நிறம் குலையாமல் பதிவு செய்துவிடும். அந்த வேறுபாடு ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். ஆனால், முழுத் துளையில் அண்மையில் நின்று எடுத்தால் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கக்கூடும் என்பதால், எஃப் 2.8க்குச் சுருக்குவது நல்லது. அதிர்வுத் தடுப்பும் இதில் இல்லை.

படத்தைப் பதியும் உணரி சிறியதாக உள்ள ஏபிஎஸ்-சி வகைக் கமராக்களில் இதன் பார்வைக்கோணம் 80 மி.மீ. லென்ஸுக்கு நிகராகக் குறுகிவிடுவதால், செட்டியார் தெருவில் ஆடிவேல் தேர் நெருங்கி வரும்போது, பின்வாங்க இடமில்லாத நெரிசலில், தேரின் ஒரு பகுதியே சட்டத்துள் அடங்கும். அங்கே 18 மி.மீ. அகலம் தரும் ஜூம் லென்ஸே உதவும். உப்புக்காற்று வீசும் காலிமுகத்திடலிலும் லென்ஸை மாற்றாமல் ஜூமையே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

பழையதை வாங்குபவர்கள், கொழும்பின் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் பற்றுமாதலால், டோர்ச் வெளிச்சத்தைக் கண்ணாடிக்குள் பாய்ச்சி, நூலிழை போன்ற கறைகள் உள்ளனவா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.