அந்தி வாசத்துக்கு எந்தப் பூ: டேம்ஸ் ராக்கெட்டா, ஃப்ளொக்ஸா, நிக்கோட்டியானாவா?

மே மாதக் கடைசியில் ரொறன்ரோவின் டொன் பள்ளத்தாக்குப் பக்கம் நடப்பவர்களுக்கு டேம்ஸ் ராக்கெட்டைத் தெரிந்திருக்கும். இடுப்பளவு உயரம், ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூ, பொழுது சாயச் சாயக் கூடும் கராம்பு வாசம். மல்லிகையோடு வளர்ந்த நம்மவர்கள் அதில் மயங்குவதில் வியப்பில்லை. ஆனால் பின்வளவில் வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன்.

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் தோட்டத்துக்கென்று கொண்டுவந்த கன்று இது. கடுகுக் குடும்பம். முதலாம் ஆண்டு தரையோடு படர்ந்த இலைக்கொத்து மட்டும்தான். பூ இரண்டாம் ஆண்டில். பிறகு கடுகுக்காய் போல மெலிந்து நீண்ட காய்கள் வெடித்து விதை கொட்டும். அந்த விதை உங்கள் வேலிக்குள் நிற்காது. ஓடைக்கரைக்கும் காட்டோரத்துக்கும் போய், பனி கரைந்ததும் தலைகாட்டும் உள்ளூர்ப் பூக்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் கொலராடோ இதைக் கட்டுப்படுத்தவேண்டிய களையாகப் பட்டியலிட்டிருக்கிறது. மாசசூசெட்ஸில் விற்பனைக்கே தடை. இருந்தும் 'காட்டுப்பூ' விதைக் கலவைகளில் இது கலந்து வருவதுண்டு. பொதியின் பின்பக்கத்தில் இதன் தாவரவியல் பெயரான 'ஹெஸ்பெரிஸ்' என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

பலரும் இதோடு குழப்பிக்கொள்வது ஃப்ளொக்ஸை. பார்த்தவுடன் பிரித்தறியலாம்: ராக்கெட்டுக்கு நான்கு இதழ், இலைகள் தண்டில் மாறி மாறி வரும், ஓரத்தில் பல் இருக்கும். ஃப்ளொக்ஸுக்கு ஐந்து இதழ், இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே நிற்கும், ஓரம் வழவழப்பு. காட்டு ஃப்ளொக்ஸ் தெற்கு ஒன்ராறியோவின் சொந்தப் பூ. ஓரடி உயரம்தான், மர நிழலில், ராக்கெட் பூக்கும் அதே பருவத்தையொட்டி வெளிர்நீலமாகப் பூக்கும். வெயிலான இடமென்றால், கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்த உயர ஃப்ளொக்ஸ்; யூலையிலிருந்து பூக்கும். அதன் தொல்லை இலையில் படியும் வெள்ளைப் பூஞ்சணம். அதைத் தாங்கும் 'டேவிட்' என்ற வெள்ளை வகையைக் கேட்டு வாங்குங்கள். கன்றுகளை நெருக்கமாக நடாதீர்கள். முயல் கடிக்கும், அதற்கு வலை கட்டத்தான் வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிக்கும் கண்ணுக்கும் ஃப்ளொக்ஸ் போதும். ஆனால் அந்தியில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாசம் வேண்டுமென்றால் அது ஈடாகாது. அதற்கு என் தெரிவு நிக்கோட்டியானா சில்வெஸ்ட்ரிஸ். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நாம் நட்ட புகையிலைக்கு மூதாதைகளில் ஒன்று இது, தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. நாலைந்து அடி உயரத்தில் நீண்ட வெள்ளைக் குழல்கள் தொங்கும். பகலில் அடங்கிக் கிடந்து, இருட்டத் தொடங்கியதும் மணக்கும். உறைபனி கன்றைக் கொன்றுவிடும் என்பது பலருக்குக் குறை. எனக்கு அதுதான் இதன் பெரிய நிறை, காடேறும் என்ற பயம் குறைவு. விதை தூசு மாதிரி இருக்கும். மண்ணால் மூடாமல் மேலே தூவி, கடைசி உறைபனிக்கு ஆறேழு வாரம் முன்பே வீட்டுக்குள் முளைக்க விடுங்கள். கடையில் விற்கும் குட்டையான வண்ண வகைகளில் வாசம் மிகக் குறைவு, ஏமாறவேண்டாம். எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வளவென்றால் ஃப்ளொக்ஸோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஏற்கெனவே ராக்கெட் நிற்கிறதா? மழை பெய்து மண் இளகியிருக்கும்போது அடித்தண்டைப் பிடித்து ஆணிவேரோடு இழுங்கள். தலையை மட்டும் முறித்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பூவோடு பிடுங்கியதைக் கூட்டெருக் குவியலில் போடாதீர்கள், பிடுங்கிய பிறகும் காய் முற்றும். கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டிச் சில நாள் வெயிலில் வைத்துக் குப்பைக்கு அனுப்புங்கள். மண்ணில் விழுந்த விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் புது இலைக்கொத்துகளைத் தேடிப் பிடுங்கவேண்டியிருக்கும்.