வாக்குத்தத்த வசனப் பெட்டி: வாங்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

உள்ளங்கை அளவுப் பெட்டி, உள்ளே 100 அட்டைகள் அல்லது கொஞ்சம் கூடுதல், அட்டைக்கு ஒரு பைபிள் வசனம், கர்த்தர் தரும் உறுதிமொழியாக (அதுதான் வாக்குத்தத்தம்). காலை ஜெபம் முடிந்ததும் ஒன்றை உருவி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். சார்ஜ் போட வேண்டாம், பழுதாகவும் இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் நல்ல பெட்டிக்கும் மட்டமான பெட்டிக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் மேலே ஒட்டிய பொன் நிற எழுத்தில் இல்லை.

முதலில் தாள். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம் இருந்தால் தாங்கும். 200க்குக் கீழே போனால் சில வாரத்தில் மூலை மடங்கிவிடும். மடங்கிய அட்டை ஓர் அடையாளமாகி, விரல் தன்னை அறியாமல் அதையே தேடிப் போகும். "கர்த்தர் திரும்பத் திரும்ப இதே வசனத்தைத் தருகிறார்" என்று சாட்சி சொல்ல எழுந்திருக்குமுன் அட்டையின் மூலையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டை, காற்றில் ஈரம் ஏறும்போது ஒரு பக்கமாகச் சுருளும். இரண்டு பக்கமும் பளபளத்தால், பின்பக்கம் குறிப்பு எழுதப் பென்சில் பிடிக்காது. பளபளப்பில்லாத தாள், உருட்டிய மூலை, 12 பாயின்டுக்குக் குறையாத எழுத்து: இந்த மூன்றும் இருந்தால் போதும். பெட்டி முக்கால் பங்குதான் நிறைந்திருக்க வேண்டும். இறுக்கி அடைத்திருந்தால் நகத்தால் கிளப்ப வேண்டிவரும், ஓரம் கிழியும்.

அடுத்து உருவும் முறை. எடுத்த அட்டையைப் படித்துவிட்டு அதே கூட்டத்தில் சொருகுவதுதான் வழக்கம். 100 அட்டைப் பெட்டியில் இப்படிச் செய்தால் 100 நாளில் சராசரியாக 63 வசனங்கள்தான் கண்ணில் படும். மற்ற 37 உள்ளேயே கிடக்கும். எல்லாவற்றையும் பார்த்து முடிக்கச் சராசரியாக 519 நாள் ஆகும், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். அதுவும் நன்றாகக் கலைத்து எடுத்தால்தான். நடைமுறையில் எல்லோரும் நடுவிலிருந்தே உருவுவதால் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் அட்டைகள் புத்தம் புதிதாகவே இருக்கும். வேறு நிறத்தில் ஒரு தடுப்பு அட்டை வெட்டி, எடுத்ததை அதற்குப் பின்னால் போடுங்கள். 100 நாளில் ஒரு சுற்று சரியாக முடியும்.

வந்த வசனம் பிடிக்கவில்லை என்று உள்ளே தள்ளிவிட்டு இன்னொன்றை எடுப்பவர்களுக்கு நீதிமொழிகள் 16:33 தெரிந்திருக்கும்: "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." மூன்றாவது சீட்டில்தான் வரும் என்று அதில் சொல்லவில்லை.

பெரிய கோளாறு அச்சிட்டதில் இல்லை, வெட்டியெறிந்ததில் இருக்கிறது. உபாகமம் 28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம், மீதி 54 சாபம். பெட்டிக்குள் வருவது 13ஆம் வசனத்தின் பின்பாதி: "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்ற நிபந்தனையும் அதே வசனத்தில்தான் இருக்கிறது, கத்தரிக்குத் தப்பவில்லை. 44ஆம் வசனத்தில் தலையும் வாலும் இடம் மாறிவிடும். அந்த அட்டையை யாரும் அச்சடிப்பதில்லை. யோவான் 16:33இல் "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் வாக்குத்தத்தம்தான். அதைப் புள்ளிகளாக்கிவிட்டு "திடன்கொள்ளுங்கள்" என்று தொடங்குகிற பெட்டிகள் உண்டு.

இதைவிட வேடிக்கை யோபு 8:7. துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிற இந்த வசனம் இல்லாத பெட்டி அபூர்வம். அட்டையில் இல்லாத விவரம், இதைச் சொன்னவர் யோபின் சிநேகிதர் மூவரில் ஒருவரான பில்தாத் என்பது. பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபிடம், மூன்று வசனங்களுக்கு முன்னால், அந்தப் பிள்ளைகளின் பாவத்தைப் பற்றிப் பேசியவர் இவர். கடைசி அதிகாரத்தில் எலிப்பாசையும் அவனுடைய இரண்டு சிநேகிதரையும் பார்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கடிந்துகொள்கிறார். அந்த இரண்டில் ஒருவர் பில்தாத். ஆனால் யோபின் முடிவு சம்பூரணமாகத்தான் இருந்தது. ஆக, தவறான ஆள், தவறான வேளையில் சொன்ன சரியான வசனம்! அட்டையை எறிய வேண்டாம். பின்பக்கத்தில் பென்சிலால் "பில்தாத் சொன்னது, 42ஆம் அதிகாரத்தையும் படி" என்று எழுதினால் போதும்.

இந்தச் சிகிச்சை எல்லா அட்டைக்கும் பொருந்தும். யார் சொன்னது, யாருக்கு, எந்த நிலைமையில் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்களைக் குறித்த நினைவுகள் சமாதானத்துக்கானவை என்கிற எரேமியா 29:11க்கு: "பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம், முந்தின வசனத்தில் 70 வருஷம்." கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13க்கு: "பவுல் சிறையில் கட்டப்பட்டிருந்தபோது எழுதியது, 'எல்லாவற்றையும்' என்பதில் பட்டினியும் சேர்த்தி." ஓர் அட்டைக்கு ஐந்து நிமிடம் வைத்தால் முழுப் பெட்டிக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே மூச்சில் உட்கார வேண்டாம். அன்றன்று வருகிற அட்டைக்கு அன்றன்று எழுதினால் முதல் சுற்றிலேயே முடிந்துவிடும். அதனால்தான் அதிகாரமும் வசன எண்ணும் அச்சிடாத பெட்டியை வாங்கவே கூடாது. எங்கே இருக்கிறது என்று தெரியாத வசனத்தின் முன்னும் பின்னும் பார்ப்பது எப்படி?

சீட்டு எடுப்பதே தப்பு என்கிற கட்சியும் பழசு. கி.பி. 506இல் இன்றைய பிரான்ஸின் ஆக்ட் நகரில் கூடிய ஆயர்களின் ஆலோசனைச் சங்கம், வேதப் புத்தகத்தைத் திறந்து குறி பார்ப்பதைத் தடை செய்தது. மறுபக்கம் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரின் மொரேவிய சபை. 1728இல் அதன் தலைவர் சின்சென்டார்ஃப் தொடங்கிய அன்றாட வசனம் 1731 முதல் அச்சில் வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்துத் தேர்ந்து பக்கத்தில் வைக்கிறார்கள். வீட்டுப் பெட்டிக்கும் இது நல்ல முறை: ஒன்றைக் கை எடுக்கட்டும், இன்னொன்றைத் தலை தேடட்டும். பிற்பாடு ஆயராகிப் புகழ்பெற்ற அகஸ்டின், 386இல் இப்படித்தான் வேதப் புத்தகத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டது ரோமர் 13:13. களியாட்டும் வெறியும் வேண்டாம் என்கிற அந்த வசனம் எந்தப் பெட்டியிலும் இல்லை. அவர் கையில் வாக்குத்தத்தப் பெட்டி கிடைத்திருந்தால் அன்றைக்கு மனம் திரும்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

போன் செயலியும் இதே வேலையைச் செய்கிறது. வசனத்தைத் தொட்டால் முழு அதிகாரம் திறக்கும் என்றால், அந்த ஒரு விஷயத்தில் அது அட்டையை ஜெயித்துவிடுகிறது. ஆனால் பகிரும் பட்டன் கட்டை விரலுக்கு நேர் கீழே இருக்கும். அதிகாலையில் நாற்பது பேருக்கு அனுப்புமுன் நீதிமொழிகள் 27:14ஐ வாசியுங்கள்: அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடே சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படுமாம். அறிவிப்பு ஒலியையும் சேர்த்துத்தான் சாலொமோன் சொன்னாரோ என்னவோ!

துக்கம் நடந்த வீட்டுக்கு முழுப் பெட்டியைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். உள்ளே பில்தாத் இருக்கிறார், எந்த நேரத்திலும் வாய் திறப்பார். நொறுங்குண்ட இருதயத்துக்குக் கர்த்தர் சமீபம் என்கிற சங்கீதம் 34:18 போன்ற நாலைந்து அட்டைகளை நீங்களே பொறுக்கிக் கொடுங்கள்.

சில பெட்டிகளில் பத்து வெற்று அட்டைகள் சேர்த்துத் தருகிறார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தயக்கம் வந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். மூடியில் காந்தம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். வெற்று அட்டைகளில் வாக்குத்தத்தம் எழுதாதீர்கள், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கட்டளை எழுதுங்கள். மத்தேயு 5:44 (சத்துருக்களைச் சிநேகியுங்கள்), யாக்கோபு 1:19 (கேட்பதில் தீவிரம், பேசுவதில் பொறுமை), எபேசியர் 4:26 (சூரியன் மறையுமுன் எரிச்சல் தணியட்டும்). பிலிப்பியர் 2:14ஐ மட்டும் இரண்டு அட்டையில் எழுதலாம்: "எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்." பாத்திரம் கழுவுவது யார் முறை என்ற பேச்சு எழும் வீடுகளில் மூன்று.