சென்னைக்கு அலையாமல் எக்ஸ் விசா: கருங்கலில் இருந்தபடி இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம்

வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் முடித்து, அவரோடு நம்ம ஊரிலேயே குடியிருக்க நினைக்கிறவர்கள் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தை, அதாவது வெளிநாட்டவரின் பதிவு, விசா வேலைகளைப் பார்க்கும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகத்தின் இணையச் சேவையை, தாங்களே தைரியமாகப் பயன்படுத்தலாம். ஏஜெண்டு தேவையில்லை. குமரி மாவட்டத்தில் இருந்து வளைகுடாவுக்குப் போகாத வீடு குறைவு. அங்கே வேலை செய்யும் இடத்தில் மனசுக்குப் பிடித்தவரைக் கண்டுபிடித்த பிள்ளைகளும் நிறையப் பேர் உண்டு. அவர்களில் சிலர் என்னிடம் போனில் கேட்டதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் நர்ஸ். மஸ்கட்டில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்த எக்ஸ்ரே டெக்னீசியன்தான் என் கணவர், பிலிப்பைன்ஸ்காரர். அப்பா போன பிறகு அம்மா குமரி மாவட்டம் கருங்கலில் உள்ள வீட்டில் தனியாக இருந்தார். அதனால் குடித்தனம் இங்கேதான் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். முடிவு சுலபமாக இருந்தது. எந்த விசாவில் வருவது, எதை எங்கே மாற்றுவது என்பதற்குத்தான் ஆளுக்கொரு பதில்.

நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். "சிஸ்டர், அவரை இ-டூரிஸ்ட் விசாவுல வரச் சொல்லுங்க. வந்த பிறகு எக்ஸ் விசாவா நாங்க மாத்தித் தாறோம்" என்று சொல்லி, என் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு தொகையும் கேட்டார்கள். இணையத்திலேயே வாங்கும் இ-விசாவை நீட்டிக்கவோ வேறு விசாவாக மாற்றவோ முடியாது என்று இந்திய அரசின் இ-விசா பக்கத்திலேயே போட்டிருக்கிறது. என் கணவர் அதைப் படித்துக் காட்டியதும் அந்த டிராவல்ஸ் பக்கமே போகவில்லை. அந்த ஆலோசனையை நம்பியிருந்தால் கல்யாணம் முடிந்த கையோடு அவர் திரும்ப விமானம் ஏற வேண்டியிருந்திருக்கும். இப்படிச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

இருக்கிற வழிகள் இவ்வளவுதான். இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவருக்கு எக்ஸ் விசா எனப்படும் என்ட்ரி விசா கிடைக்கும். கல்யாணம் ஏற்கெனவே பதிவாகி இருந்தால், அவர் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்திலேயே அதை வாங்கிக்கொண்டு வரலாம். இதுதான் நேரான வழி. கல்யாணமே இங்கே வந்துதான் என்றால், தூதரகம் வழியாகப் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் டூரிஸ்ட் விசாவில் வந்து, திருமணத்தைப் பதிவு செய்து, இங்கிருந்தே எக்ஸ் விசாவாக மாற்றக் கேட்கலாம். நாங்கள் செய்தது இரண்டாவது. ஓசிஐ அட்டை (விசா இல்லாமலே இந்தியாவில் எவ்வளவு நாளும் தங்க விடும் அட்டை) இதற்கெல்லாம் பிறகு. திருமணம் பதிவாகி 2 வருடம் தொடர்ந்து நிலைத்திருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். "கல்யாணம் முடிஞ்சதும் ஓசிஐ எடுத்திரலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குடியுரிமை இன்னும் தூரம்: 7 வருடம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும், சொந்த நாட்டுக் குடியுரிமையையும் விட வேண்டும்.

இணையதளத்துக்குள் போவதற்கு முன்னால் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான். சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன்படி, நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய 30 நாளும் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று இன்னொரு 30 நாள் பார்ப்பார்கள். நோட்டீஸ் கொடுத்ததில் இருந்து 3 மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும். 3 சாட்சிகள் வேண்டும். இதற்காக நான் முன்கூட்டியே வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன், அவர் பிறகு வந்தார். அவருடைய விசா நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது என் 30 நாளும் அதற்குள் போகக் கூடாதல்லவா.

அவர் தரப்பில், இதற்கு முன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குப் பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையம் தரும் செனோமார் சான்றிதழ் வேண்டும். அதில் அந்த நாட்டு வெளியுறவுத் துறையின் அபோஸ்டில் முத்திரையும், அதாவது ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள வைக்கும் முத்திரையும், வாங்கிவிடுங்கள். 2019 மே 14 முதல் பிலிப்பைன்ஸ் அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்தியா 2005 முதலே இருக்கிறது. அதனால் தூதரகத்தில் தனியாக அட்டெஸ்ட் செய்யும் பழைய அலைச்சல் கிடையாது. கோவிலில் பங்குத்தந்தை கேட்டது வேறு: என் கணவரின் ஊர்ப் பங்கில் இருந்து புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழும், கல்யாணத்துக்குத் தடையில்லை என்ற கடிதமும். பதிவு முதலில் முடிந்தது, கோவில் கல்யாணம் பிறகு.

பதிவுச் சான்றிதழில் பெயர் எழுதும்போது மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். என் ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கோ பெயருக்கு நடுவில் அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் வரும். இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே சான்றிதழில் வரட்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம், எழுத்தரும் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். பின்னால் பதிவேற்றிய ஒவ்வொரு தாளுக்கும் அது உதவியது.

இனி இணையதளம். 2018-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த சேவை இது. வெளிநாட்டவர் தன் பாஸ்போர்ட்டை வைத்துக் கணக்கு தொடங்க வேண்டும். கணக்கு அவர் பெயரில்தான், நம் பெயரில் இல்லை. உள்ளே போனால் பதிவு, விசா நீட்டிப்பு, விசா மாற்றம், முகவரி மாற்றம், நாட்டை விட்டுப் போகும் அனுமதி என்று தனித்தனியாக இருக்கும். எங்களுக்கு வேண்டியது விசா மாற்றம். திருமணச் சான்றிதழ், என் பாஸ்போர்ட், வீட்டு முகவரிக்கான ஆதாரம், அவர் பாஸ்போர்ட்டும் விசாப் பக்கமும், புகைப்படம், அவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்திட்ட உறுதிப் பத்திரம். கட்டணமும் இணையத்திலேயே. வீடு அம்மா பெயரில் இருந்ததால் வீட்டுவரி ரசீதோடு அம்மாவின் கடிதத்தையும் சேர்த்தோம்.

நாம் இருப்பது திருவனந்தபுரத்துக்குப் பக்கம். விமானம் இறங்குவதும் அங்கேதான். ஆனால் மாவட்டம் தமிழ்நாடு என்பதால் கோப்பு போவது சென்னைக்கு. முன்காலம் என்றால் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து, நுங்கம்பாக்கத்தில் சாஸ்திரி பவனில் வரிசையில் நின்று, ஒரு தாள் குறைந்தால் திரும்ப 700 கிலோமீட்டர். அந்த அலைச்சலை இது மிச்சம் பிடித்துத் தந்தது, அதுவே எனக்குப் பெரிய விஷயம். கூடுதல் தாள் கேட்டால் கணக்கில் செய்தி வரும், பதிவேற்றினால் போதும். கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம்.

எல்லாம் கம்ப்யூட்டரில் முடியாது. கல்யாணம் உண்மைதானா, இருவரும் ஒன்றாகத்தான் வாழ்கிறார்களா என்று விசாரித்து அறிக்கை அனுப்புவது விசா மாற்றத்தில் ஒரு கட்டாயப் படி. அதற்கு ஒரு காவலர் பைக்கில் வந்தார், சாயங்கால நேரம். என் கணவர் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், கை முழுக்கப் பூ. "அம்மா, மருமவன் இங்கதான் தங்குதாரா?" என்று காவலர் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் அடுக்களையைக் கையால் காட்டினார். காவலர் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார், சாட்சிகள் யார் யார் என்று கேட்டு எழுதினார், என்னிடமும் அவரிடமும் தனித்தனியாகப் பேசினார். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மாமியிடம் விசாரித்தார். "அந்தப் பிள்ள தினமும் காலையில வாசல் பெருக்கும். எங்க வீட்டுப் பைப்பும் அதுதான் சரியாக்கித் தந்துது" என்றார் மாமி. நல்ல மரியாதையான மனிதர் அந்தக் காவலர், யாரையும் மிரட்டவில்லை. ஒரே ஒரு யோசனை: ஆல்பம், இருவரின் அடையாளத் தாள்கள், சான்றிதழ்களின் நகல் எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும். விசாரணை அன்று அலமாரியைக் குடைந்தால் நமக்கே கை நடுங்கும்.

விசா மாற்றம் அனுமதியாகி மின்னஞ்சலில் தாள் வந்த அன்று என் கணவர் அதை முதலில் அம்மாவிடம்தான் காட்டினார். அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் ஒன்றும் புரியாது, ஆனால் கண் கலங்கிவிட்டது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன் குழம்பும் வைத்துத் தந்தார். அவர் ஊரிலும் மரச்சீனி உண்டு என்பதால் இந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் பழகவே வேண்டியிருக்கவில்லை.

குறை என்று பார்த்தால், படிவம் முழுக்க ஆங்கிலம். படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வயதானவர்கள் நிரப்புவது கஷ்டம். ஸ்கேன் செய்து தர ஒரு ஜெராக்ஸ் கடை போதும், அதற்கு ஆகும் செலவு நூறு இருநூறுதான். ஆனால் கணக்கின் பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். இன்னொன்று, விசா முடியும் தேதிக்கு மிக முன்னாலேயே விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. அவர்கள் திருமணப் பதிவை முடித்துக்கொண்டு திரும்பிப் போய், தூதரகத்தில் எக்ஸ் விசா கேட்பதே நல்லது.

வீட்டுக்காரர்கள் அறியாமல் விட்டுவிடும் ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் என்று பழக்கத்தில் சொல்லும் தகவலை இணையத்தில் கொடுக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கும் உண்டு. நீண்ட நாள் தங்குகிறவர் எப்போது பதிவு செய்ய வேண்டும் என்பது விசாத்தாளிலேயே அச்சாகி இருக்கும், அந்த வரியைப் படித்து அதன்படி செய்யுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த 1946-ஆம் வருட வெளிநாட்டவர் சட்டத்தை வைத்து யாராவது விளக்கம் சொன்னால் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

இந்த இணையதளத்துக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். அந்த அரை, தமிழில் படிவம் வந்தால் சேர்த்துத் தருகிறேன்.

அடுத்து எங்களுக்கு ஓசிஐ. இந்தியாவில் இருந்து விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய், அதைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டோம். அது கிடைத்தால் அவருக்கு இந்தப் பதிவும் நீட்டிப்பும் எதுவும் தேவையிருக்காது. விவசாய நிலம் மட்டும் அவர் பெயரில் வாங்க முடியாது, ஓட்டும் கிடையாது. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் ஓசிஐ இல்லை என்பதால், அப்படிப்பட்ட துணை உள்ளவர்கள் எக்ஸ் விசாவோடுதான் தொடர வேண்டும். 2 வருடம் முடிந்து நாங்கள் விண்ணப்பித்ததும் அதையும் இதே போல எழுதுகிறேன்.