பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய வண்டி

வணக்கம்ங்க. பெரிய விலையில் மின்சாரக் கார் புக் பண்ணியிருப்பவர்கள், மிச்சப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது கோவை, ஈரோடு பக்கம் இன்னும் ரெண்டு பேருக்கு நடந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். நான் பேசாமல் இருக்கப் போவதில்லை. ஷோரூம் பெயரும் கம்பெனி பெயரும் வழக்கில் இருப்பதால் இங்கே எழுதவில்லை.

திருப்பூரில் சின்னதாக ஒரு காம்பாக்டிங் யூனிட் (பனியன் துணி பிறகு சுருங்காமல் இருக்கப் பதப்படுத்தும் இடம்) நடத்துகிறேன். அப்பா பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று ஆரம்பித்த தொழில். இத்தனை வருஷத்தில் எங்களுக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பெரிய பொருள் இந்த வண்டிதான். ஐரோப்பாவிலிருந்து முழுசாக இறக்குமதியாகும் மின்சாரக் கார். எல்லாம் சேர்த்து 76 லட்சம்.

2023 ஆகஸ்டில் ஆடி முடிந்ததும் ஐந்து லட்சம் கட்டி புக் பண்ணினேன். அந்த மாடலுக்குப் புது வடிவம் வரப் போகிறது, பேட்டரி பெரிசாகிறது, சார்ஜ் ஏறும் வேகமும் கூடுகிறது என்று அப்போதே வெளிநாட்டுச் செய்திகளில் வந்துகொண்டிருந்தது. அதனால் முதல் நாளே கேட்டேன்: "புது வடிவம் வருதுன்னா நான் காத்திருக்கேனுங்க. ஆறு மாசம் ஆனாலும் பரவாயில்ல. பழசைக் கொடுத்துப் போடாதீங்க."

விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், நீங்க புக் பண்ணுறதே புதுசுதானுங்க. இனிமேத்தான் ஃபேக்டரியில உங்க வண்டிக்கு ஆர்டர் போகும்." வாயால் சொன்னான். நான் எழுதி வாங்கவில்லை.

மின்சாரக் காரில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சிலர் கேட்கலாம். பெட்ரோல் வண்டியில் புது வடிவம் என்றால் பெரும்பாலும் முன்பக்கக் கிரில் மாறும், விளக்கு மாறும். மின்சார வண்டியில் உயிர்நாடியே மாறுகிறது. போர்ஷே டைகானுக்கு 2024-இல் வந்த மாற்றத்தில் பெரிய பேட்டரி 93.4 கிலோவாட் மணியிலிருந்து 105 ஆனது. வேக சார்ஜ் 270 கிலோவாட்டிலிருந்து 320-க்குப் போனது. கியா ஈவி6 நம்ம ஊரில் 2025 மார்ச்சில் புதுப்பித்து வந்தபோது 77.4 பேட்டரி 84 ஆகியிருந்தது. இவர்களுக்கும் என் வண்டிக்கும் சம்பந்தமில்லை; எல்லோரும் அறிந்த உதாரணம் என்பதால் சொல்கிறேன். திரையில் தெரிகிற படத்தை, வரைபடத்தை, சில வசதிகளை வண்டி நின்ற இடத்திலேயே சாஃப்ட்வேர் மூலம் புதுசாக்கி விடலாம். பேட்டரியை அப்படிப் பெரிசாக்க முடியாது. ஒரு மாசம் முன்னே பின்னே எடுத்ததில் ஒரு தலைமுறையே தவறிப் போகும்.

அக்டோபர் போனது, நவம்பர் போனது. டிசம்பர் கடைசியில் பையன் கூப்பிட்டான். "சார், செங்கடல்ல பிரச்சினைங்க. உங்க வண்டி ஏறின கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்தி வருது. தை பொறந்ததும் கைக்கு வந்துருமுங்க." கப்பல்கள் அந்த நேரத்தில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனது உண்மைதான், தினமும் செய்தியில் வந்தது. அதனால் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. நமக்கும் மார்கழியில் வண்டி எடுக்கிற வழக்கமில்லை. ஜனவரியில் எடுத்தால் 2024 வண்டியாகிவிடும் என்ற எண்ணம் வேறு. அது எவ்வளவு தப்பான எண்ணம் என்று இப்போது தெரிகிறது. பதிவு செய்த வருஷம் வேறு, வண்டி செய்த வருஷம் வேறு, கம்பெனி அந்த வண்டிக்குப் போடுகிற மாடல் வருஷம் வேறு. மூன்றையும் ஒன்றென்று நினைப்பவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

பொங்கல் முடிந்த கையோடு அவசரப்படுத்த ஆரம்பித்தார்கள். "சாலை வரி விலக்கை எப்ப வேணா எடுத்துருவாங்க சார், 20 சதவீதம் கட்டோணும், கணக்குப் பண்ணிப் பாருங்க." 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 சதவீத வரி என்பது சரி. ஆனால் மின்சார வண்டிக்கான விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்று அரசாணையே இருந்தது. அதை நான் அன்றைக்கே தேடிப் பார்த்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. ஆடிட்டரும் மார்ச்சுக்குள் எடுத்தால் இந்த வருஷமே வருமான வரிக் கணக்கில் தேய்மானக் கழிவு கிடைக்கும் என்றார். மின்சார வண்டிக்கு 40 சதவீதம். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அதில் பாதி. சரி என்று எங்கள் கம்பெனி பேரிலேயே எடுத்தோம்.

வங்கிக் கடன் தாள்களோடு சேர்த்து ஒரு கட்டு நீட்டினார்கள். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். வண்டிப் பதிவுக்கான படிவம் 20, 21, 22 எல்லாம் அதற்குள்தான் இருந்தது. விற்பனைச் சான்றான படிவம் 21-இல் வண்டி செய்த மாதமும் வருஷமும் எழுத ஓர் இடம் உண்டு. நான் கையெழுத்துப் போட்டபோது அந்த இடம் காலியாக இருந்தது.

தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னால் வண்டி வந்தது. பச்சை நம்பர் பிளேட், மாலை, பெரிய சாவிப் படம், கேக். வீட்டில் எல்லோரும் சிவன்மலைக்குப் போய்ப் பூசை போட்டு வந்தோம். அப்பா பின்சீட்டில் உட்கார்ந்து சத்தமே கேட்கவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த நாளை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மார்ச்சில் காங்கயம் ரோட்டில் ஆணி ஏறி டயர் பஞ்சர். கடைப் பையன் குனிந்து ஆணியைத் தேடியவன், டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "ஏனுங்ணா, இது புது வண்டிங்களா?" "ஆமாங் கண்ணு, ரெண்டு மாசம் ஆகுது." "டயர் 22-ங்களே." நானும் குனிந்து பார்த்தேன். நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண்: 4122. முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு எண் வருஷம். 2022-இல் 41-ஆவது வாரம், அதாவது அக்டோபர். நாலு டயரிலும் கிட்டத்தட்ட அதேதான்.

அங்கிருந்தே ஷோரூம் விற்பனைப் பையனைப் போனில் கூப்பிட்டேன். "டயர் ஸ்டாக் பழசா இருக்குமுங் சார், வண்டி புதுசுதான்" என்றான். வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து ஆர்சியை எடுத்தேன். தயாரித்த மாதம் 11/2022 என்று அச்சடித்திருந்தது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் 2022. ரெண்டும் என் வீட்டு பீரோவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தேன். அடியில் தைத்திருந்த சின்னத் துணிச் சீட்டிலும் 2022 தேதி. நான் பணம் கட்டுவதற்கு ஒன்பது மாசம் முன்பே அந்த வண்டி செய்து முடிந்திருக்கிறது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வருகிறது என்று என்னிடம் சொன்ன அன்றைக்கு அது இங்கேயே ஏதோ ஒரு யார்டில் வெயிலில் நின்றிருக்கிறது.

ஷோரூமுக்கு நேரில் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "மாடல் இயர் 2023 சார், நீங்க குழப்பிக்கிறீங்க" என்றார். சேஸிஸ் நம்பரின் 10-ஆவது எழுத்தைக் காட்டினார். பல வெளிநாட்டுக் கம்பெனிகள் அந்த இடத்தில் மாடல் வருஷத்தை வைப்பது உண்டு: 2022-க்கு N, 2023-க்கு P, 2024-க்கு R. எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்வதில்லை. அவர் காட்டியது P தான். ஆனால் நான் கேட்ட கேள்வி அது இல்லையே. இனிமேல்தான் ஆர்டர் போகும் என்று சொல்லிப் பணம் வாங்கியது யார் என்று கேட்டேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்.

ஏப்ரலில் புது வடிவம் இந்தியாவுக்கு வந்தது. பெரிய பேட்டரி, கூடுதல் சார்ஜ் வேகம், விலை என்னுடையதை விட ரெண்டு லட்சம்தான் எச்சு. கோவையில் பழைய வண்டி வாங்கி விற்கிற ஒருவரிடம் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன். "பழைய பேட்டரி, 22 மேக்குங்களா" என்று இழுத்துவிட்டு 42 லட்சம் சொன்னார். மூன்று மாச வண்டி.

அதோடு முடியவில்லை. மே மாசம் ஒரு காலை வண்டி கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் சார்ஜ் இருக்கிறது, ஆனால் கதவு, திரை, கணினி எல்லாவற்றையும் எழுப்புகிற 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்துவிட்டது. மாசக்கணக்கில் சும்மா நிற்கிற வண்டியில் முதலில் போவது அதுதான். கம்பெனியின் சாலை உதவியில் வந்த டெக்னீசியன் டேப்லெட்டில் சேஸிஸ் நம்பரை அடித்துவிட்டு, "சார், வாரண்டி 2023 மார்ச் 28-லயே ஸ்டார்ட் ஆயிருச்சுங்களே, முதல் ஓனர் வேறயாருங்களா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. வருஷக் கடைசி டார்கெட்டுக்காக, விற்காத வண்டியை விற்றதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று எனக்குக் கொடுத்த வாரண்டியில் பத்து மாசம் நான் வண்டியைத் தொடும் முன்பே தீர்ந்து போயிருந்தது. லித்தியம் பேட்டரி ஓடினால்தான் தேயும் என்றில்லைங்க. சும்மா நின்றாலும் அதற்கு வயசாகும், நிறைய சார்ஜோடு சூட்டில் நின்றால் இன்னும் சீக்கிரம் ஆகும். அப்படி நின்ற காலத்தையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் அதுவரை சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பல்லப் புடிச்சுப் பாத்தியா?" சின்ன வயசில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிப் போவார். விற்கிறவன் எத்தனை வயசு சொன்னாலும் காதில் வாங்காமல், மாட்டின் வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்த்த பிறகுதான் விலை பேசத் துண்டுக்கடியில் கை போகும். விற்கிறவனும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

நீங்களும் அதைத்தான் செய்யோணும். முழுப் பணமும் கட்டும் முன், பதிவுக்கு அனுப்பும் முன், சேஸிஸ் நம்பரையும் தயாரித்த மாதம், வருஷத்தையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். வண்டியை யார்டில் போய்ப் பாருங்கள். டயரின் நாலு எண், சீட் பெல்ட் சீட்டு, முன்கதவு திறந்தால் தெரியும் கம்பெனி ஸ்டிக்கர் மூன்றையும் போட்டோ எடுங்கள். அதே கம்பெனியின் வேறு ஊர் சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து வாரண்டி எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள். எந்தக் கட்டமும் காலியாக இருக்கிற படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பேரில் பதிவாகிவிட்டால் அதன் பிறகு பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பழைய ஸ்டாக் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பதினாலு மாசம் நின்ற வண்டி, இவ்வளவு குறைத்துத் தருகிறோம் என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் நானே யோசித்திருப்பேன். எனக்குக் குறைத்துக் கொடுத்தது ஒரு செட் மேட்டும் ஒரு குடையும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், வக்கீல் நோட்டீஸும் அனுப்பினேன். அதன் பிறகுதான் அசைந்தார்கள். வாரண்டி தேதியை 2024 ஜனவரிக்குத் திருத்தி எழுத்தில் கொடுத்தார்கள். நாலு டயரும் 12 வோல்ட் பேட்டரியும் புதுசாகப் போட்டார்கள். பணம் என்று வந்தபோது வாய் திறக்கவில்லை. கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட முடியாது, சென்னை மாநில ஆணையத்துக்குத்தான் போகோணும். நடந்து ரெண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் போட்டுவிட்டோம். எங்கள் கம்பெனி பேரில் எடுத்ததால் இது வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதம் வைத்திருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்காக ஆடிட்டர் சொன்னதைக் கேட்டபோது இது யாருக்கும் தோன்றவில்லை. குடும்பம் ஓட்டுகிற வண்டிதான் என்று காட்டப் பழைய ஃபாஸ்டேக் கணக்கு, சிவன்மலையில் எடுத்த போட்டோ எல்லாம் வக்கீல் கேட்டிருக்கிறார்.

பெருந்துறையில் என் பங்காளி ஒருத்தன் போன மாசம் வேறு கம்பெனி மின்சாரக் கார் புக் பண்ணினான். பணம் கட்டும் முன் அவனோடு யார்டுக்கு நானும் போனேன். அவன் குனிந்து டயரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்தான். கூட வந்த பொண்ணு, "அஞ்சு மாசம் ஆகுதுங்க சார், எழுதியே தர்றேன்" என்று அங்கேயே மெயில் போட்டுக் கொடுத்தது.