காரைக்குடியிலிருந்து சமூக ஊடகங்கள்: ஒரு நெடுநாள் பயனரின் மதிப்பீடு

ஆர்குட்டில் கணக்கு வைத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்படுவதற்கு முன்பே முகநூலுக்கு வந்துவிட்டேன். பிறகு வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று ஒவ்வொன்றாக என் கைப்பேசியில் ஏறின. புதுமையெல்லாம் தீர்ந்த பிறகு இவற்றில் எது உண்மையில் பயன்பட்டிருக்கிறது, எது வெறும் பொழுதாகப் போயிருக்கிறது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன். நான் வாழ்வது காரைக்குடியில். என் உறவினர்களில் பெரும்பாலோர் வாழ்வது வேறு எங்கெங்கோ. இந்த ஒரு நிலைமைதான் என் அனுபவம் முழுவதையும் தீர்மானித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பிரிந்து வாழ்வது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழிலும் வணிகமும் செய்யப் போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கை முடித்துவிட்டு ஊர் திரும்புவது அக்கால வழக்கம். இடைப்பட்ட நாட்களில் கடிதம் ஒன்றே குடும்பத்தைக் கட்டி வைத்திருந்தது. இன்று சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஊர்கள் மாறியிருக்கின்றனவே தவிர, நிலைமை பெரிதாக மாறவில்லை. வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றி அறை அறையாகப் பங்கு பிரிந்திருக்கும் ஒரு வீடு, பல பங்காளிகளுக்குப் பொதுவாக, ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்தி, முன்னோருக்கான படைப்பு என்றால் மட்டும் திறக்கப்படும். அந்த வீட்டின் ஓட்டில் ஒழுகல் என்றால், யார் பார்ப்பது, யார் கொத்தனாரை அழைப்பது, செலவை எப்படிப் பிரிப்பது என்பது முன்பெல்லாம் மாதக்கணக்கில் இழுபடும் விவகாரம். இப்போது சாவி வைத்திருப்பவர் ஒழுகும் இடத்தைப் படமெடுத்துப் பங்காளிகள் குழுவில் போடுகிறார். இரவுக்குள் நான்கு நாடுகளிலிருந்து கருத்து வந்துவிடுகிறது. முடிவும் விரைவில் வருகிறது என்று சொல்லமாட்டேன், பங்காளிகள் பங்காளிகள்தாமே. ஆனால் விவரம் தெரியாது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

இந்தப் பயன்பாட்டில் இரண்டு திருப்பங்களைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, 2016 செப்டம்பரில் மலிவான இணையத்தோடு ஜியோ வந்தது. அதுவரை குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்த்தவர்கள். அதன் பிறகே ஊரிலேயே இருந்த ஆச்சிமார் உள்ளே வந்தார்கள். மற்றொன்று, குரல் பதிவு. 2013 முதலே வாட்ஸ்அப்பில் இருந்த வசதி அது. ஆனால் தமிழில் தட்டச்சு செய்யப் பொறுமையில்லாத எழுபது வயதுக்காரர்கள் பேசத் தொடங்கியபோதுதான் அதன் அருமை எங்களுக்குத் தெரிந்தது. கும்மாயத்துக்கு மாவு எந்தப் பதத்தில் வறுபட வேண்டும் என்று பேரப்பிள்ளை ஒருவர் கேட்டால், பதிலோடு சேர்த்து, அந்தப் பலகாரத்தை யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கெடுத்தார்கள் என்பதும் வந்துவிடும். எழுதச் சொன்னால் அந்த இரண்டாவது பகுதி கிடைக்காது.

பிள்ளையார் நோன்பை எடுத்துக்கொள்ளலாம். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கணக்கு வைத்து, சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில், 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு உட்கொள்வது நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் வழக்கம். மூத்தவர் கையால் இழை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், வெளிநாட்டில் தனியாக இருக்கும் குடும்பத்துக்கு இது எளிதான நோன்பாக இருந்ததில்லை. இப்போது எந்த ஊரில் யார் வீட்டில் அல்லது எந்த மண்டபத்தில் கூடுகிறார்கள், அந்த நாட்டு நேரப்படி சஷ்டி எப்போது தொடங்குகிறது என்ற செய்திகளெல்லாம் முன்கூட்டியே குழுக்களில் வந்துவிடுகின்றன. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர்களின் இருப்பிடத்தைக் கைப்பேசியிலேயே தொடர முடிகிறது. ஊர்ப் பொதுக் குழுக்களுக்கு ஒரு காலத்தில் 256 பேர் என்ற வரம்பு பெரும் தொல்லை. 2022இல் அது முதலில் 512 ஆகவும் பிறகு 1024 ஆகவும் உயர்ந்தபோது, இரண்டாம் குழுவில் தள்ளப்பட்டவர்களின் மனத்தாங்கலும் ஓரளவு தீர்ந்தது.

சடங்கு முறையில் ஒரு குறை இருக்கிறது. நேரில் சென்று அழைப்பதே எங்கள் பக்கத்து மரியாதை. கடல் கடந்து இருப்பவருக்குப் பத்திரிகையைப் படமாக அனுப்பிவிட்டு ஒரு முறை பேசிவிடுவதை இப்போது யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கும் அதையே செய்யும் பழக்கம் வந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. துக்கச் செய்தி வந்ததும் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுகின்றன. அவற்றை அனுப்பியவர்களில் பாதிப் பேராவது நேரில் போகிறார்களா என்பது ஐயமே.

காலை வணக்கப் படங்களைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். வதந்தியால் உயிர்கள் போன பிறகு, 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வரம்பு வந்தது. 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அது இன்னும் இறுகியது. எங்கள் குழுக்களில் மருத்துவக் குறிப்புகள் அதன் பின் சற்றுக் குறைந்தன, ராசிபலன் குறையவில்லை.

இனி, இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பழைய நாட்களைப் பற்றிய ஏக்கம் இன்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் தயார்நிலையில் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்ற திரைப்பாடல் நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை காலை இராமாயணம், பென்சிலால் சுற்றிய ஒலிநாடா என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எண்பதுகளில் பிறந்து வளர்ந்த தமிழர் அனைவருக்கும் அதுவே இளமைக்காலம் என்ற தோரணையில் அது நாள்தோறும் நம் முன் வைக்கப்படுகிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் அதன் ஒளிபரப்பு எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் எட்டவில்லை. கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகே அது தென்மாவட்டங்களுக்குப் பரவலாகக் கிடைத்தது. அதற்கு முன் வசதியுள்ள வீடுகளில் உயரமான ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்து நாங்கள் பார்த்தது, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி. சிங்களம் ஒரு சொல்லும் புரியாமல், தமிழுக்கு ஒதுக்கிய நேரத்துக்காகக் காத்திருந்து பார்த்தோம். வானொலியிலும் அப்படியே: திருச்சி நிலையத்தைவிட இலங்கை வானொலியே எங்கள் தெருவில் உரக்கக் கேட்டது; அதன் அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின் குரலையும் பி. எச். அப்துல் ஹமீதின் குரலையும் வீட்டு மனிதர்களின் குரல்போல அடையாளம் கண்டோம்.

எங்கள் பள்ளித் தோழர் குழுவில் இதைப் பற்றி ஒரு முறை நீண்ட விவாதம் நடந்தது. சிற்றூர் ஒன்றில், தொலைக்காட்சியே இல்லாத வீட்டில் வளர்ந்த தோழர் ஒருவர், தாம் ஐந்தாம் வகுப்பிலேயே வெள்ளிக்கிழமை தவறாமல் ஒளியும் ஒலியும் பார்த்ததாக உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்பவர் அல்லர். ஆண்டுக்கணக்கில் அந்தப் பதிவுகளைப் பார்த்துப் பார்த்து, பிறருடைய வெள்ளிக்கிழமை அவருடையதாகிவிட்டது, அவ்வளவுதான். ரூபவாகினியை நினைவூட்டியதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு பக்கத்து வீட்டு மாடியில் ஆன்டெனா திருப்பிய அண்ணனின் பெயர் முதற்கொண்டு எல்லாவற்றையும் எழுதினார். ஒரு பெரிய பக்கம் இலட்சக்கணக்கானோருக்குப் பொதுவான நினைவைத்தான் தர முடியும். அதனால் அது பெரும்பாலும் சென்னையின் நினைவாகவே இருக்கிறது. நாற்பது பேர் கொண்ட குழுவில்தான் எங்கள் நினைவு எங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

சினிமாவிலும் இதே கதை. ஏவிஎம் என்றதும் பழம்பெருமைப் பதிவுகளில் வருவது வடபழனியும் அந்தச் சுழலும் உருண்டையும்தான். அதை நிறுவிய ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர் என்பதும், போர்க்காலத்துக்குப் பின் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார் என்பதும், 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கேயே எடுக்கப்பட்டது என்பதும், 1948இல்தான் ஸ்டூடியோ சென்னைக்குப் போயிற்று என்பதும் அப்பதிவுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. எங்கள் ஊர்க் குழுவில் இதை யாராவது எழுதினால், படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போன தாத்தாவின் கதை ஒன்று கட்டாயம் பின்னாலேயே வரும். அதில் எவ்வளவு உண்மை என்று ஆராய்வதில்லை.

இன்ஸ்டாகிராமைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டு, அடுத்த சில நாட்களில் ரீல்ஸ் வந்தது முதல், கானாடுகாத்தானும் காரைக்குடியும் ஒரு படப்பிடிப்புத் தளமாகிவிட்டன. பர்மாத் தேக்குத் தூண்கள், பளபளக்கும் சுண்ணாம்புச் சுவர், ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் வாசல்கள். எல்லாரும் ஒரே கோணம், ஒரே மெல்லிசை. ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைக் காட்டும் காட்சிகளை மட்டும் நான் மனமாரப் பாராட்டுவேன்: கண்ணாடிமேல் சாயக் கலவையை ஊற்றி, கையசைவிலேயே பூவை வரைந்து, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைக்கும் அந்த வேலை, கடையில் கல்லை மட்டும் பார்த்தவருக்குத் தெரியாது. மற்றவற்றில் மனிதர்களே இல்லை. அந்த வளவில் நெல் காயவைத்தவர்களும், வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் அடுப்பெரித்தவர்களும், கணக்கப்பிள்ளைகளும் எங்கே போனார்கள்? வீட்டைப் பார்த்து ஏங்குகிறவர்கள் அதே கையோடு முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கதவும் நிலையும் விலை கேட்கிறார்கள். அவை ஏதோ ஒரு வீட்டைப் பிரித்ததால் வந்தவை என்பதை ஒருவரும் படத்தின் கீழே எழுதுவதில்லை. சமையல் காணொளிகளைப் பற்றி ஒரே வரி போதும்: சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூள் போட்ட கோழிக்குப் பெயர் செட்டிநாடு அன்று.

நினைவைத் திரட்டுவதில் சிறு குழுக்கள் வல்லவை, சேமிப்பதில் அவை மோசம். பழைய கல்யாணப் படம் ஒன்றைப் போட்டால், பினாங்கில் இருக்கும் ஆச்சி கழுத்துரு என்ற திருமணத் தாலியைப் பார்த்தே இது எந்த வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் அந்தப் பதில் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. சாதாரணமாக அனுப்பும் படம் தரம் குறைந்தே போய்ச் சேரும். பேசியை மாற்றினால், காப்புப் பிரதி எடுக்காதவரின் குரல் பதிவுகள் போனவையே. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப் பிரதிகள் 2024 முதல் கூகுளின் இலவச 15 ஜிபி இடத்துக்குள் கணக்கிடப்படுவதால், காணொளிகளோடு சேர்த்துச் சேமிப்பவருக்கு இடம் விரைவில் நிரம்பிவிடுகிறது. முகநூல் 2015 முதல் ‘இதே நாளில்’ என்று பழைய பதிவுகளை எடுத்துக் காட்டுகிறது. நாம் அதில் போட்டதைத்தான் அது காட்டும், ஆச்சி பேசியதைக் காட்டாது.

ஆகவே, எங்கள் குடும்பத்தில் இப்போது ஒரு நடைமுறை இருக்கிறது. பழைய படங்களை ஆவணமாக இணைத்தே அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், வீட்டு விலாசப்பெயர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும். பெரியவர்களின் குரல் பதிவுகளைச் சென்னையில் இருக்கும் என் தங்கை மகள் மாதந்தோறும் தனி வன்தட்டில் இறக்கி வைக்கிறாள். அவளுக்கு ஊரில் இருந்த பழக்கமே குறைவு. ஆனால் ஒவ்வொரு பதிவையும் கேட்டு எழுதுவதால், எந்தப் பங்காளி எந்தக் கட்டுக்கு உரியவர் என்பது இப்போது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பேசியில் இடம் இல்லாதபோது எதை நீக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பங்காளிகள் குழுவையும் பள்ளித் தோழர் குழுவையும் தொடாதீர்கள், ஊர்ப் பொதுக் குழுவை ஒலி நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய ஏக்கப் பக்கங்கள் அனைத்தையும் விட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராமை நான் எடுத்துவிட்டேன். இந்த வாரம் வெளியூர்க்காரர்கள் எந்த வீட்டு வாசலில் நின்று படமெடுக்கிறார்கள் என்பது தெரிய வேண்டுமென்றால், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும்.