பொயிலை தந்த வாய்ப்புண்: எந்த வழி எதுவரை உதவும்?

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனைப் பகுதிகளில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களிடமும், குளச்சலிலிருந்து இரவில் கடலுக்குப் போகிறவர்களிடமும் கேட்டால், முறுக்கான் போட்டால் உறக்கம் வராது, பசி தெரியாது என்பார்கள். முறுக்கானில் சேரும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை நான்கையும் மென்று ஒரே கன்னத்தில் நெடுநேரம் அடக்கி வைக்கும்போது, சுண்ணாம்பின் காரம் அங்குள்ள மென்தோலை அரிக்கிறது. பொயிலையில் உள்ள நைட்ரோசமைன் என்னும் நச்சுப்பொருள்கள் அதன் உயிரணுக்களைக் கெடுக்கின்றன. மீன்கறி பட்டு எரியத் தொடங்கிய பிறகுதான் பலரும் மருந்து தேடுகிறார்கள்.

கைவைத்தியத்தில் முதலிடம் உப்புநீருக்கே. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் கொப்பளித்தால் புண் சுத்தமாக இருக்கும். செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. தேன் தடவுவதும், தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்த மணத்தக்காளிக் கீரையும் எரிச்சலைத் தணிப்பதாகப் பலரும் சொல்வதுண்டு; சாதாரண வாய்ப்புண்ணுக்கு அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீரை உண்டு கை கழுவியதும் மீண்டும் முறுக்கான் பொட்டலத்தைப் பிரித்தால், ஆறத் தொடங்கிய புண் மறுபடியும் சுண்ணாம்பில் வேகும்.

மருந்துக்கடைக் களிம்புகளில் எனக்குத் தயக்கம் உண்டு. கோலின் சாலிசிலேட்டோ லிக்னோகெய்னோ கலந்த ஜெல், வலியைச் சற்று நேரத்துக்கு மரத்துப்போகச் செய்து சாப்பிட உதவும்; ஆற்றுவது அதன் வேலையன்று. டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு களிம்பு, உடல் தானாகவே உண்டாக்கும் சிறு புண்களை விரைவாக ஆற்றக்கூடியது. ஆனால் புண் எதனால் வந்தது என்று தெரியாமல் தடவினால், பூஞ்சைத் தொற்று இருந்தால் அது பெருகும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி கிருமியைக் கட்டுப்படுத்தினாலும், நாள்பட்ட பயன்பாட்டில் பல்லில் கறையேற்றும். இவற்றைவிடப் பெரிய சிக்கல், வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை என்பது. வலி நின்றதை ஆறியதாக எடுத்துக்கொள்கிறவர், களிம்புக் குழாயை நம்பியே மாதங்களைக் கடத்திவிடுகிறார். ‘பி காம்ப்ளெக்ஸ்’ மாத்திரையும் சத்துக் குறைவால் வந்த புண்ணுக்கு உதவுமே தவிர, பொயிலை அரித்த புண்ணுக்கு மருந்தாகாது.

தடுப்பு என்று வரும்போது, ‘பொயிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்கு மட்டும்தான்’ என்ற சமாதானத்தை அடிக்கடி கேட்கிறோம். பொயிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், ஏன், பாக்கைத் தனியாகவும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. வாயின் உட்சதை இறுகி, வாய் திறப்பதே சிரமமாகும் நோய்க்கு முதன்மைக் காரணமும் பாக்குதான். ஆகவே இது பாதி நிறுத்தம் கூட இல்லை.

முழுமையாக விடுவதற்கு நிக்கோட்டின் கம், நிக்கோட்டின் பேட்ச் என இரு துணைகள் உள்ளன. கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவுகளில் கிடைக்கிறது. சூயிங்கம் போலத் தொடர்ந்து மெல்லாமல், சுருக்கென்ற சுவை வரும்வரை மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். முறுக்கான் போட்டுப் பழகியவருக்கு இந்தப் பழக்கம் எளிதில் கைவரும் என்பது வேடிக்கைதான். ஆனால் புண் இருக்கும் வாயில் அது எரியும். அதனால் புண் உள்ளவர்களுக்குத் தோலில் ஒட்டும் பேட்ச் மேலானது என்பேன். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். 1800112356 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

விட்ட முதல் சில வாரங்களில் சிலருக்குப் புதிதாகச் சிறு புண்கள் வரும். ‘பொயிலையை விட்டதால்தான் வந்தது’ என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. மஞ்சள் நடுவும் சிவந்த விளிம்புமாக வலிக்கும் அந்தச் சிறு புண்கள் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறாமல் நீடிக்கும் புண், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, தடிப்பு ஆகியவற்றுக்குக் களிம்பும் கீரையும் தீர்வே அல்ல. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஒரு பல் மருத்துவரிடமோ காட்டி, தேவையானால் சதைத் துணுக்குப் பரிசோதனை செய்துகொள்வதுதான் வழி. போகும் நாளில் முறுக்கான் போடாமல், வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுச் செல்லுங்கள். வெற்றிலைச் சிவப்பு படலத்தை மறைத்துவிடும். எந்தக் கன்னத்தில், எத்தனை ஆண்டுகளாக அடக்கி வருகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.