34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டருடன் மூன்று வருடங்கள்

வாங்கிய ஒரு வாரத்தில் எழுதும் விமர்சனங்களுக்குக் குறைவில்லை. நானும் அவற்றைப் படித்துத்தான் வாங்கினேன். ஆனால் ஒரே திரையின் முன் மூன்று வருடம், தினமும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்த பிறகு தெரியவரும் விஷயங்கள் வேறு. அல்ட்ராவைட் (வழக்கமான 16:9 திரையைவிட அகலமான, 21:9 விகிதத் திரை) வாங்கலாமா, வாங்கினால் கேமிங் பிசியில் எதை எப்போது மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்து ஒன்றுதான்: மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதற்கு அப்புறம் திட்டம் போடுங்கள். இந்த மூன்று வருடத்தில் கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, பிராசசர் மூன்றையும் மாற்றிவிட்டேன். மானிட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது.

என்னுடையது 3440×1440 பிக்சல், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கப்படும்), 1500ஆர் வளைவு, விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை). 1500ஆர் என்றால் அந்த வளைவை முழு வட்டமாக்கினால் ஆரம் 1500 மில்லிமீட்டர் வரும் என்று பொருள். எண் குறையக் குறைய வளைவு கூடும். இரண்டே நாளில் கண் பழகிவிட்டது. இப்போது வளைவு இருப்பதே நினைவில் இல்லை.

‘34 அங்குலம்’ என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அது மூலைக்கு மூலை அளந்தது. உண்மையில் அகலம் 80 செ.மீ., உயரம் 33 செ.மீ. சாதாரண 27 அங்குலத் திரையின் உயரமேதான், பக்கவாட்டில் 20 செ.மீ. கூடுதல். 32 அங்குலத் திரையிலிருந்து வருகிறவர்களுக்கு உயரத்தில் 6 செ.மீ.க்கு மேல் போய்விடும். மொத்தப் பரப்பிலும் 32 அங்குலம்தான் சற்றுப் பெரியது. நான் ஓர் அட்டைப்பெட்டியை இந்த அளவுக்கு வெட்டி, பின்னால் புத்தகங்களை முட்டுக் கொடுத்து மேசையில் நிறுத்தி, இரண்டு நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டாண்டின் கால்கள் எதுவரை முன்னால் நீளும் என்பதையும் சாக்பீஸால் குறித்தேன். மேசையின் ஆழம் 60 செ.மீ.; கீபோர்டை நேராக வைக்க இடமே மிஞ்சவில்லை. அதனால் மானிட்டரோடு சேர்த்தே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மானிட்டரைத் தாங்கும் ஒரு கிளாம்ப் ஆர்மும் வாங்கினேன். ஆர்ம் வாங்கும்போது மானிட்டரின் எடையைப் பார்த்து வாங்குங்கள். வளைந்த திரையின் கனம் முன்பக்கம் தள்ளி இருப்பதால், எடை தாங்காத ஆர்மில் திரை மெதுவாகக் குனிந்துகொண்டே வரும்.

பேனல் விஷயத்தில்தான் நான் அதிகம் யோசித்தேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடுகிறவன் நான், அதனால் கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டும். இன்னொரு எல்சிடி வகையான ஐபிஎஸ் பேனலில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பொதுவாக 1000:1 அளவில் இருக்கும், விஏவில் 3000:1. அந்த வித்தியாசம் இருட்டறையில் நன்றாகவே தெரிகிறது. அதற்குக் கொடுக்கும் விலை, இருண்ட காட்சிகள் நகரும்போது வரும் கறுப்பு இழுவல். குகைக்குள் தீப்பந்தத்தோடு நடக்கும்போது கேமராவைச் சட்டென்று திருப்பினால், கல்லின் நிழல் ஈர மை போலப் பின்னாலேயே இழுபடும். மெனுவில், பிக்சல் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் ஓவர்டிரைவை உச்சத்துக்கு ஏற்றிப் பார்த்தேன். இழுவல் குறைந்து, பொருள்களின் ஓரத்தில் வெளிறிய நிழல் வந்தது. நடு அளவில் வைத்ததோடு விட்டுவிட்டேன். வேகமான ஷூட்டர்களே உங்கள் உலகம் என்றால் விஏ வேண்டாம், ஐபிஎஸ் பக்கம் போங்கள்.

கேபிள் விஷயம் சிறியது, ஆனால் எனக்கு இரண்டு மாதம் வீணானது. பெட்டியில் இருந்த எச்டிஎம்ஐ கேபிளை மாட்டிவிட்டு 144 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். எச்டிஎம்ஐ 2.0 வழியாக இந்த அளவுத் திரைக்கு 100 ஹெர்ட்ஸ்தான் கிடைத்தது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறி, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பிலும் போய் 144ஐத் தேர்ந்தெடுத்த பிறகுதான் முழு வேகம் வந்தது.

விளையாட்டுகளைப் பற்றி: ஆதரிக்கும் விளையாட்டில் இதன் சுகமே தனி. மேலும் கீழும் தெரிவது அதே அளவுதான், இரண்டு பக்கமும் கூடுதல் உலகம் திறக்கும். கார் ஓட்டும்போது பக்கத்துக் கண்ணாடி கண்ணின் ஓரத்தில் வந்து நிற்பது பழகிவிட்டால், 16:9 திரை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. திரையின் இரு ஓரங்களில் உருவங்கள் கொஞ்சம் இழுபட்டுத் தெரியும், அது முப்பரிமாணக் காட்சியைத் தட்டையாக்குவதால் வருவது. எல்டன் ரிங் மாதிரி சில விளையாட்டுகள் 16:9ஐ விட்டு நகராது, இரு பக்கமும் கறுப்புப் பட்டைதான். வேறு சிலவற்றில் இடையில் வரும் கதைக் காட்சிகள் மட்டும் சுருங்கிவிடும். நீங்கள் அதிகம் விளையாடும் ஐந்தாறின் பெயரை எழுதி, ஒவ்வொன்றும் 21:9ஐ ஆதரிக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி கணினிக்கு வருவோம். 1920×1080 (1080பி) திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 2560×1440இல் 36.9 லட்சம். 3440×1440இல் 49.5 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். நான் 1080பியிலிருந்து தாவியவன், கிராபிக்ஸ் கார்டின் தலையில் ஒரே நாளில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வேலை ஏறியது. என்னிடம் அப்போது இருந்தது 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2060 கார்டு, ரைசன் 5 3600 பிராசசர். சைபர்பங்க் 2077இல் 60ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்த எஃப்பிஎஸ் (கார்டு நொடிக்கு உருவாக்கும் ஃபிரேம், அதாவது படங்களின் எண்ணிக்கை) 30ஐத் தொட்டது. அதோடு திரை மினுக்கவும் தொடங்கியது. என் மானிட்டரின் அடாப்டிவ் சிங்க் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் வசதி) 48இலிருந்துதான் வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும், அந்த எல்லையைத் தாண்டித் தாண்டி வரும்போது விஏ பேனல் மினுக்கும். மானிட்டர் பழுது என்றே நினைத்துவிட்டேன்.

நண்பர் ஒருவர் பிராசசரை மாற்றச் சொன்னார். பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தேன், நீங்களும் செய்யுங்கள். விளையாட்டில் ஓர் இடத்தில் சேவ் செய்து, அதே இடத்தில் நின்று, ரெசல்யூஷனை மட்டும் 1080பிக்குக் குறைத்துப் பார்த்தேன். எஃப்பிஎஸ் இரட்டிப்பானது. அப்படியானால் தடை கார்டில்தான். குறைத்தும் எண் அசையவில்லை என்றால் பிராசசரைச் சந்தேகிக்கலாம். என் கார்டு 98, 99 சதவீதத்திலேயே முக்கிக்கொண்டிருந்தது.

அதனால் 16 ஜிபி ஆர்எக்ஸ் 6800 கார்டு வாங்கினேன். அதன் மின்தேவை 250 வாட், 8 பின் இணைப்பு இரண்டு வேண்டும். பழைய கார்டு 160 வாட்தான். 500 வாட் பவர் சப்ளையை நம்பி விடாமல் 750க்கு மாறினேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பழைய மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். கார்டு பக்கம் இணைப்பு ஒன்றுபோல இருக்கும், பவர் சப்ளை பக்கம் எந்தப் பின்னில் எது வருகிறது என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறலாம். தவறான வோல்டேஜ் போனால் கார்டோ ஹார்ட்டிஸ்க்கோ அங்கேயே முடிந்தது.

அடுத்த ஒன்றரை வருடம் வேறு எதையும் தொடவில்லை. கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளில் மட்டும் திக்கித் திக்கி ஓடியது. முதலில், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அமைப்பு மென்பொருளான பயாஸைத் திறந்து பார்த்தேன். 3200 வேக ரேம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கியதில் செலவில்லாமலே கொஞ்சம் சரியானது. பிறகுதான் அதே ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டில் ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரைப் போட்டேன். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் புதியதை வைத்து ஆன் செய்ய முடியாமல் போகலாம். கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டி, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட்டைச் சூடாக்கினேன். அணைத்ததும் கூலரை இடதும் வலதுமாக மெதுவாகத் திருக, சின்னதாக ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. நேராகப் பிடித்து இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து கூடவே வந்து பின்கள் வளையலாம். பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆனது. இந்த ரெசல்யூஷனில் சராசரி எஃப்பிஎஸ் சொற்பமாகத்தான் ஏறியது, ஆனால் அந்தத் திக்கல் நின்றுவிட்டது. இந்தப் பிராசசரையே முதலில் வாங்கியிருந்தால் 30 எஃப்பிஎஸ் 30ஆகவே இருந்திருக்கும்.

வேலை நேரத்தில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ஃபேன்சிஸோன்ஸ் வைத்து திரையை மூன்று பத்தியாகப் பிரித்திருக்கிறேன். நடுவில் எழுத்து, இரு பக்கமும் மற்றவை. இன்று வாங்குவதானால் இருட்டுக் காட்சிகளுக்காக, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடியை ஆசையோடு பார்ப்பேன். ஆனால் பகல் முழுக்க அசையாத டாஸ்க்பாரும் எழுத்துகளும் இருக்கும் திரையில் பர்ன்-இன் (அசையாத படத்தின் தடம் திரையில் நிரந்தரமாகத் தங்குவது) பயம் எனக்கு இன்னும் போகவில்லை. மூன்று வருடத்தில் ஒரு பிக்சல்கூடச் சாகவில்லை, ஆர்மின் திருகை மட்டும் இரண்டு முறை இறுக்கினேன். அடுத்து மாறப்போவது கார்டுதான், அதுவும் எஃப்பிஎஸ் 48க்குக் கீழே அடிக்கடி இறங்கத் தொடங்கிய பிறகு.